எங்கள் சுவரிலிருந்த வெள்ளரி விதை

என் கையெழுத்துக்காக முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். நம் தெரு குரூப்பில் நீங்கள் எல்லோரும் பேசி அனுப்புகிறீர்கள். நானும் அந்த மைக் படத்தை அழுத்திப் பார்த்தேன். அழுத்திய உடனே பேச வராமல், "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் போய்விட்டது. அதற்கும் நாலு பேர் கைதட்டல் போட்டீர்கள். ஆகையால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து புரியாத இடத்தில் குத்துமதிப்பாகப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம்மில் ஒருவர் கேட்டிருந்தார். "தண்டவாளத்தாண்ட முனை வூட்ல ஒரு பழம் காய்க்குமே, தானா வெடிச்சிகினு, அதும் பேரு இன்னா?" என்று. கிர்ணி என்றார் ஒருவர். தர்பூசணி என்றார் இன்னொருவர். பப்பாளி என்றுகூட ஒரு குரல் கேட்டது. அந்த முனை வீடு எங்கள் வீடு. அந்தப் பழம் வெள்ளரிப்பழம். அதைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் தெரு இப்போது கன்டெய்னர் லாரிகள் போகிற சாலைக்கு அடியில் இருக்கிறது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், ஒரு பக்கம் தண்டவாளம், இன்னொரு பக்கம் கொஞ்சம் நடந்தால் கடல். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மணல் தரை. உப்புக் காற்றுக்கு அதில் வேறெதுவும் வராது. முருங்கை வைத்தோம், சாய்ந்துவிட்டது. கனகாம்பரம் வைத்தோம், கருகிவிட்டது. வெள்ளரிக்கு மட்டும் அந்த மணல் பிடித்திருந்தது.

பொங்கல் முடிந்ததும் அம்மா குழி எடுப்பாள். முழங்கை ஆழம். அடியில் சாணி, அதன்மேல் மீன் செதில், அதன்மேல் மணல். மீன் கழுவின தண்ணீரை வீணாக்க மாட்டாள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றும்போது பின்பக்கம் நாறும். பூனைகள் வந்து குழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். கொடி ஓடியதும் காய்க்குக் கீழே மண் படாமல் இருக்க, கிழிந்த நைலான் வலைத் துண்டைத் தொட்டில் மாதிரி குச்சிகளில் கட்டி, அதில் காயை உட்காரவைப்பாள். காய் பச்சையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். பிறகு மஞ்சளாகும். மஞ்சளான அன்றே ஒரு பழைய புடவைத் துண்டால் அதை இறுக்கிச் சுற்றிவிடுவாள். இல்லாவிட்டால் வெடித்து மாவு மாவாகக் கொட்டிவிடும்.

வெடிக்கிற அன்றைக்கு வாசனை வரும். நம் தெருவில் எப்போதும் உரக் கம்பெனி வாடையும் கருவாட்டு வாடையும் இருக்கும் அல்லவா? அதையும் தாண்டி அந்த வாசனை வரும். பால் காய்ச்சி ஆறவைத்தது மாதிரி ஒரு வாசனை. உள்ளே வெள்ளையாக, விரலால் தொட்டால் உதிரும். அதில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு ஓலைத் துண்டில் வைத்துத் தருவாள். தொட்டு நக்கித்தான் சாப்பிட வேண்டும். கடையில் விற்கிற வெள்ளரிப்பழத்தில் இப்படி வராது. அது வேறு விதை.

இந்த விதை அம்மாவின் அக்கா வீட்டு விதை. பெரியம்மா முகத்துவாரக்குப்பத்தில் இருந்தாள். அவள் வீட்டு மணல்திட்டில் பல காலமாக இந்தக் கொடிதான். பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி, சாணியோடு பிசைந்து, வறட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அடுத்த தை வரை அது சுவரிலேயே இருக்கும். தை பிறந்ததும் உடைத்து ஊன்றுவார்கள்.

அம்மா கல்யாணமாகி இங்கே வந்த அன்று, புறப்படும்போது பெரியம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாளாம். "பால் பொங்குது, பால் பொங்குது" என்றாளாம். அடுப்பில் பாலே இல்லை. அந்த நேரத்தில் அம்மா சுவரிலிருந்த வறட்டியில் பாதியைப் பெயர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதுதான் அவர்கள் வழக்கம். வெள்ளரி விதையைக் கேட்டு வாங்கக் கூடாது. கூப்பிட்டுக் கொடுக்கவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டும். உரியவள் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கொடி பூத்துப் பூத்துக் கொட்டிவிடும், காய் பிடிக்காது என்பார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெரம்பூர்க்காரர். அங்கே மார்க்கெட்டில் கிடைக்காதது எதுவும் இல்லை என்பார்.

"திருடினா காய்க்குமாம், குடுத்தா காய்க்காதாம். இன்னா சட்டமோ உங்க சட்டம்!"

"உனுக்கு இன்னாத்துக்கு அது? வெல்லம் போட்டு துன்னத் தெர்தில்ல, துன்னு," என்பாள் அம்மா.

நான் சொல்ல வந்தது ஒரு வருடத்துக் கதை. அதுதான் நான் பள்ளிக்கூடம் போன கடைசி வருடம். அதற்கு முந்தின வருடமே பெரியம்மா இறந்துவிட்டாள். கடல் உள்ளே வந்து அவள் வீட்டையும் எடுத்துக்கொண்டது. மணல்திட்டு இருந்த இடத்தில் பாறாங்கல் கொட்டினார்கள். ஆக, அந்த விதை எங்கள் சுவரில் மட்டும்தான் இருந்தது.

இல்லை, இன்னொரு இடத்திலும் இருந்தது. எதிர்வீட்டு அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். குரல் தெரு முனை வரை கேட்கும். தண்ணீர் லாரி வந்தால் டிரைவரிடம் சண்டை போட்டு வால்வைத் திறக்கவைப்பவள். அவளும் அம்மாவும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதிகள். பெரியம்மா இறந்த வருடம் மார்கழியில் ஒரு நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு முறம் கேட்டு வந்தாள். அம்மா பின்பக்கம் போய், இல்லாத துணியை உலர்த்தினாள். அக்கா போன பிறகு பார்த்தால் வறட்டியில் ஒரு மூலை இல்லை. முறம் அங்கேயே இருந்தது. நான் "யம்மா, அக்கா..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதற்கப்புறம் சில மாதங்களில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. காரணம் சாம்பல்.

நைனா அப்போது சாம்பல் லாரியில் வேலை. அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து நிலக்கரிச் சாம்பலை ஏற்றி, செங்கல் அறுக்கிற இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். சாயங்காலம் வரும்போது புருவம்கூடச் சாம்பல் நிறமாக இருக்கும். வீட்டுக்குள் போகுமுன் வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறுவார். ஒரு சின்ன மேகம் கிளம்பி, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். பெரும்பாலும் எதிர்வீட்டுப் பக்கம்தான் போகும். எதிர்வீட்டு அக்காவின் சின்னப் பையனுக்கு இரைப்பு. மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கும். ஐஸ் வாங்கித் தின்கிறான், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரரும் ஐஸ்தான் என்றார். அக்கா மட்டும் ஒரு நாள் தெருவில் நின்று சொன்னாள்.

"யோவ், அந்தச் சட்டய அந்தாண்ட போயி உதறக்கூடாதா? எம் புள்ள மூச்சு உட முடியாம கெடக்குது."

நைனா சட்டையைச் சுருட்டிக்கொண்டார். அம்மாதான் வெளியே வந்தாள். தன் புருஷன் உழைத்து வருகிற அழுக்கை இன்னொருத்தி குறை சொல்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. வார்த்தை வளர்ந்தது. குடம் உருண்டது. கடைசியில் அம்மா சொன்னாள்:

"எங்க சொவுத்துல கைய வெச்சி வெத திருடினவதானே நீ! நீ பேச வந்துட்டியா?"

எதிர்வீட்டு அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாம்பலைப் பற்றி அவள் சொன்னது சரி என்று இப்போது தெரிகிறது. அந்தச் சாம்பல் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று நைனா விஷயத்தில் பிற்பாடு நானே பார்த்தேன். அன்றைக்கு நம் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்தச் சாம்பலை வைத்துத்தானே எல்லா வீட்டிலும் பாத்திரம் துலக்கினோம்.

ஐப்பசி மழை அந்த வருடம் பெரிய மழை. எங்கள் கூரை ஒழுகியது. தண்ணீர் வறட்டி மேலேயே இறங்கி, அது ஊறி, விதைகள் சுவரிலேயே முளைத்து அழுகிவிட்டன. அம்மா கத்தியால் சுரண்டிச் சுரண்டி, நன்றாக இருந்ததைப் பொறுக்கினாள். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. தை பிறந்ததும் அத்தனையையும் ஊன்றிவிட்டாள்.

"கொஞ்சம் வெச்சிக்கலாமில்ல?" என்றார் நைனா.

"ஊறினது அடுத்த வருசம் வரிக்கும் தாங்காது. இப்பவே போட்டாத்தான் உண்டு. இதுல ஒண்ணாவது காய்க்கணும்."

காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் பின்பக்கம் போவாள். முளை வந்தது. எல்லாம் வரவில்லை. வந்தவை நன்றாக வந்தன. இரண்டு இலை, நாலு இலை, பிறகு கொடி. அப்புறம் சிவப்பு வண்டு வந்தது.

அந்த வண்டு உங்களுக்கு நினைவிருக்கும். தீப்பெட்டியில் பிடித்துப் போட்டு, யார் வண்டு முதலில் வெளியே வருகிறது என்று பந்தயம் விட்டோமே, அதுதான். அம்மா நம்மை அதற்காகவே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வண்டு பிடித்தால் பொரி தருவதாகச் சொன்னாள். நீங்கள் பொரியைத் தின்றுவிட்டு வண்டைப் பக்கத்து வீட்டில் விட்டீர்கள்.

வண்டுக்குச் சாம்பல்தான் மருந்து. விறகுச் சாம்பலை மெல்லிய துணியில் கட்டி, விடிகாலையில் இலையில் ஈரம் இருக்கும்போது மேலே தட்ட வேண்டும். ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்துவிட்டது. விறகுச் சாம்பலுக்கு அம்மா டீக்கடை டீக்கடையாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் வெறும் கையோடு வந்தாள். நைனா அதைப் பார்த்தார்.

"சாம்பலா? அத்த மொதல்லயே சொல்றதில்ல? நான் இன்னா வேல செஞ்சிகினு கீறேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் வாங்க மார்க்கெட் போயிருந்தாள். நைனா ஒரு கோணிச் சாம்பலைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். முகப்பவுடர் மாதிரி நைசாக இருந்தது. அம்மா இலையில் மட்டும் தூவுவாள். நைனாவுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. குழியைச் சுற்றி, கொடியின் அடி முழுக்க, இரண்டு விரல் கனத்துக்குக் கொட்டிப் பரப்பினார். எறும்பும் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தது போக மிச்சமிருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு டின்னில் இருந்தது. எறும்புக்குச் சுண்ணாம்பு நல்லது என்று அதையும் கொட்டிக் கலந்தார். கடைசியில் தண்ணீர் ஊற்றினார். காற்றில் பறந்து எதிர்வீட்டுக்குப் போகக் கூடாது என்று நிறையவே ஊற்றினார். நான்தான் குடத்தில் மொண்டு மொண்டு கொடுத்தேன்.

"பாத்தியா, ஒரே நாள்ல வேல முட்ச்சேன். உங்கம்மா வந்து வாயப் பொளக்கப் போறா," என்றார். சந்தோஷமாக இருந்தார். அவர் அம்மாவுக்காக அப்படி ஒன்று செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா வந்து பார்த்தாள். "இத்தினியா போடுவாங்க?" என்றாள். திட்டவில்லை. இரண்டு நாள் வண்டு வரவில்லை. பரவாயில்லையே என்றுகூடச் சொன்னாள். பிறகு இலை ஓரம் வெளுத்தது. அம்மா தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் தட்டில் ஊற்றினது போல நின்றது. விரலால் குத்தினாள். விரல் இறங்கவில்லை. கரண்டிக் காம்பால் குத்தினாள். டக் டக் என்றது.

மூன்றாவது வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டு வந்து காட்டினோம். அவர் குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

"யோவ், அந்தச் சாம்பலும் சுண்ணாம்பும் சேந்தா இன்னா ஆவும்? நீ லோடு அடிக்கிற எடத்துல கல்லு எப்பிடி அறுக்குறானுங்க? பொண்டாட்டிக்கு நல்ல தளம் போட்டுக் குட்த்துகீறே!"

நைனா தினமும் அந்தச் சாம்பலைச் செங்கல் அறுக்கிற இடத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தார். அது கல்லாவதை அவர் கண்ணால் பார்த்தவர். வீட்டில் செய்யும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. சாம்பல் செடிக்கு நல்லது, சுண்ணாம்பு எறும்புக்கு நல்லது, இரண்டும் நல்லது என்று நினைத்தார். அவ்வளவுதான்.

கடப்பாரை கொண்டுவந்து உடைத்தார். பெயர்த்த ஒவ்வொரு பாளத்தோடும் ஒரு கொடி வேரோடு வந்தது. அடித்தண்டு வெந்துபோயிருந்தது. அம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். ஒன்றில் பூ இருந்தது. அன்றிலிருந்து நைனாவிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், வேட்டி துவைத்துப் போடுவாள். பேச்சு மட்டும் இல்லை. கோபம் என்று நைனா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோபம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பெரியம்மா போய்ச் சேர்ந்து, அவள் வீட்டையும் கடல் கொண்டுபோன மாதிரிதான் இதுவும் அவளுக்கு. அதை யாரிடம் சொல்லிக் கோபப்படுவது?

நைனா மார்க்கெட்டிலிருந்து பாக்கெட் விதை வாங்கி வந்தார். அட்டையில் பழம் படம் போட்டிருந்தது. அம்மா அதைப் பிரிக்காமலே ஜன்னலில் வைத்தாள்.

எதிர்வீட்டில் கொடி இருந்தது. முந்தின வருடம் முறம் கேட்டு வந்து எடுத்த மூலையிலிருந்து வந்த கொடி. அம்மா பேசக் கூடாததைப் பேசிவிட்டாளே, அதனால் அது காய்க்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காய்த்தது. தட்டி வேலி ஓட்டை வழியாக நான் பார்த்தேன். ஆறேழு காய், வலைத் தொட்டிலில். அம்மா செய்கிற மாதிரியே அக்காவும் கட்டியிருந்தாள்.

பங்குனி வெயில் ஏறியதும் ஒரு நாள் காலை அந்த வாசனை வந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி உரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். தெரு நடுவில் நின்று யாரிடமும் இல்லாமல், தந்திக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி லாரிக்குப் போறேன்! வர லேட்டாவும்! பின்னாடி தட்டிய சாத்தல, நாய் கீய் வந்தா வந்துட்டுப் போவட்டும்!"

அம்மா தலை தூக்கவில்லை. அக்கா போய், நெடுநேரம் கழித்து வந்தாள். குடம் காலியாகவே இருந்தது. மறுநாளும் வந்து அதையே சொன்னாள். இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

"எறும்பு மொய்க்குது! எனுக்கு எங்க நேரம் கீது பாக்க! தோ, நான் போறேன்!"

நைனா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"அந்தம்மா இன்னா, ரெண்டு நாளா கம்பத்தாண்ட பேசிகினு கீது?"

அம்மா அவரிடம் பேசுவதில்லை அல்லவா? என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னிய வந்து எட்த்துக்கச் சொல்றா. நான் எப்பிடிப் போவேன்? நாலு பேரு முன்னாடி அவள திருடின்னு சொன்னேன். இப்ப நான் போயி கைய வெச்சா நான் யாரு?"

"அப்ப போயி கேளேன். குடுக்க மாட்டாளா?"

"கேட்டா காய்க்காதுன்னு சொல்லு உங்க நைனாக்கு," என்றாள் என்னிடம்.

நைனா பீடியைத் தரையில் நசுக்கினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். என்னைப் பார்த்து, "வாடா. எது பழுத்துதுன்னு எனுக்குத் தெர்யாது," என்றார்.

அம்மா "யோவ்" என்றாள். பல நாள் கழித்து அவரிடம் அவள் சொன்ன முதல் சொல் அதுதான். அவர் நிற்கவில்லை.

சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் போனோம். தட்டிக் கதவு திறந்தே இருந்தது. நைனா பெரிய உடம்புக்காரர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடியை மிதிக்காமல் குதிகாலால் நடந்தார். புடவைத் துண்டு சுற்றின பழம் ஒன்று வெடித்து, துணிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் காம்பைத் திருகினேன். தானே வந்துவிட்டது. நைனா அதைத் துண்டில் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்கத் தெரியாதவன் குழந்தையைத் தூக்கினது மாதிரி இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்காவின் புருஷன் வெளியே வந்தார். ஹார்பரில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், ஒன்றுக்குப் போக எழுந்து வந்திருக்கிறார். வெள்ளரி வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது.

"டேய்! யார்ரா அது? திருடன்! திருடன்!"

தண்ணீர் லாரி தெரு முனையில் நின்றிருந்தது. வரிசையில் இருந்த பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். உங்கள் அம்மாக்களும் அதில் இருந்தார்கள். தட்டி வேலி முழுக்கத் தலைகள். எங்களுக்கு ஓட வழியில்லை. நைனா நடுவில் நின்றார். பழச்சாறு துண்டில் ஊறி, காக்கிச் சட்டையில் வழிந்து, லுங்கியில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு யாராவது என்னைப் பார்த்தாலே உடம்பு கூசும். அன்றைக்குத் தெருவே பார்த்தது.

"எதிர்வூட்டுக்காரன்தானே நீ? கேட்டா குடுக்க மாட்டமா? புள்ளய வேற இட்டுனு வந்துகீறான் பாரு, திருட்டு வேலைக்கு!" என்று அக்காவின் புருஷன் கத்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்கா வந்தாள்.

"இன்னாய்யா கத்துற?"

"இன்னாவா? தோ பாரு!"

அவள் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். நைனாவை நேருக்கு நேராகப் பார்த்தாள். பிறகு என்னை.

"எங்க? யாரையும் காணோமே."

"கண்ணு அவிஞ்சிடுச்சா? தோ நிக்கிறான் பாரு, மாடு மாதிரி!"

"ராத்திரி பூரா கண்ணு முழிச்சா இப்பிடித்தான். போய் மூஞ்சிய கய்வினு படு."

நைனாவுக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமி, "இல்லம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"தே! காக்கா இன்னா இப்பிடிக் கத்துது!" என்று அக்கா குரலை உயர்த்தி அதை அமுக்கினாள். அவர் என்ன சொன்னாலும் அதில் கேட்பதோ மன்னிப்போ இருக்கும். அது அவள் காதில் விழுந்துவிட்டால் அவள் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். பழம் பழமாக மட்டும்தான் இருக்கும், விதையாகாது. வெள்ளரி வழக்கத்தைக் கேள்விப்பட்டிருந்த பெண்களுக்கு அது புரிந்தது. மீன்காரம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அதட்டினாள்.

"யாருமில்லாத எடத்துல இன்னாத்தடி பாத்துகினு நிக்கிறீங்க? லாரிக்காரன் போய்ட்டான்னா உங்க மாமனா வந்து தண்ணி ஊத்துவான்?"

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். நான் நைனாவின் லுங்கியைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்தார். பெண்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒருத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே காலால் தன் குடத்தை வழியிலிருந்து நகர்த்தினாள். பட்டப்பகலில், தெரு நடுவில், கையில் பழத்தோடு எங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்போ நான் இன்னா, கனாவா கண்டேன்?" என்று பின்னால் அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். பிற்பாடு அக்கா அவருக்கு எப்படியோ புரியவைத்திருக்க வேண்டும். டீக்கடையில் நைனாவைப் பார்த்தால், பார்க்காத மாதிரி நைனாவின் டீயை எடுத்துக் குடிப்பார். "இங்க யாரோ டீய வெச்சிட்டுப் போய்ட்டாங்கபா," என்பார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். துண்டைப் பிரித்துப் பழத்தை அலுமினியப் பேசினில் வைத்தாள். விதையை வழித்து எடுத்தாள். சதையில் வெல்லம் போட்டு எனக்கும் நைனாவுக்கும் கொடுத்தாள். நைனா கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"துன்னு," என்றாள் அம்மா. பிறகு, "சட்டையெல்லாம் சாறு. கய்ட்டிப் போடு, தொவைக்கிறேன்."

மறுநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னா கொயம்பு இன்னிக்கி?" அம்மா இங்கிருந்து, "கருவாடு!" என்றாள். வேறெதுவும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நைனா அதற்கப்புறம் சட்டையைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் உதறிவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. அவராகச் செய்தார்.

அடுத்த தையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொடி ஓடியது. நீங்கள் எல்லோரும் சாப்பிட்டது அதற்குப் பிறகு வந்த பழங்களைத்தான்.

இப்போது அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை. எதிர்வீட்டு அக்கா அந்தச் சின்ன மகனோடு இருக்கிறாள். அந்தப் பையன்தான் இப்போது நம் குரூப்பில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குட்மார்னிங் போடுகிறவன். நான் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். மொட்டை மாடியில் பாதியாக அறுத்த பெயிண்ட் டிரம் நான்கு வைத்திருக்கிறேன். மணல் மட்டும் கடற்கரையிலிருந்து கொண்டுவந்தேன். வறட்டியை வீட்டுக்கு வெளியே, எல்லோரும் நடக்கிற வராந்தாச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உள்ளே ஒட்டினால் என் மனைவி நாற்றம் என்கிறாள்.

இதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதக் கூடாது என்று அவள் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் சிலர் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். டீ போட நான் உள்ளே போனேன். டீக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நான்தான் மெதுவாகப் போட்டேன். நீங்கள் போன பிறகு பார்த்தால் வறட்டியில் ஒரு மூலை காணோம். எலி கடித்திருக்கும். மூன்றாவது மாடிக்கும் எலி வருகிறது.

தை மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.